மீன்ரின்னுக்குள் வெயில்

மீன்ரின் ஒன்றுக்கு உள்ளே கறுப்புப் பெயின்ற்,
மூடிக்கு வயர் சுற்றும் ரேப்,
வயிற்றில் ஊசிமுனைத் துளை.
சுருட்டி வைத்த புகைப்படத்தாள் காலாவதியானது.
"ஒண்டுக்கும் உதவாது பிள்ளை, கொண்டுபோ" என்று
வவுனியாவில் கடையைப் பூட்டிய ஸ்ரூடியோக்காரர் தந்தது.

மார்கழி இருபத்திரண்டு.
முத்தையன்கட்டுக் குளத்தின் மேற்குக் கரையில்
மருதில் ஏறி
கிழக்குப் பார்க்கக் கம்பியால் இறுக்கினேன்.
இனி ஆறு மாதம் எனக்கு அங்கே வேலையில்லை.
ஒவ்வொரு விடியலும் தன் கோட்டைத் தானே கீறும்.

கருப்பொருள் என்ன என்றார் விரிவுரையாளர்.
பங்கருக்குள் ஒருநாள்
வாசல் தறப்பாளின் ஓட்டை வழியே
எதிர்ச் சுவரில்
ஒரு தென்னை தலைகீழாய் ஆடியதையும்
எறும்பளவில் யாரோ வானத்தில் நடந்துபோனதையும்
சொன்னேன்.
"நீ நித்திரையெல்லோ" என்கிறா அம்மா.
"அங்க தென்னையே இல்லை."
அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

காத்திருந்த மாதங்களில்
சைக்கிள் சில்லில் போனைக் கட்டி
ஒட்டுசுட்டான் றோட்டைப் படமெடுத்தேன்.
பார்த்தவர்களுக்குச் சத்தி வந்தது.

அண்ணாவின் முழங்கால் எக்ஸ்ரேயில்
மூன்று வெள்ளைப் புள்ளிகள்.
வேறு பழைய எக்ஸ்ரேகளில் ஊசியால் கீறிக் கீறி
அவற்றை மின்மினியாக்கினேன்.
நாற்பத்தெட்டுத் தாள். ஓடுவது நாலு செக்கன்.
முடிவில் மூன்றும் எலும்பை விட்டுப் பறந்துபோகும்.
அண்ணா இரண்டுதரம் பார்த்தான்.
"மூண்டாவது பூச்சி இன்னும் கொஞ்சம் மேல"
காலைத் தடவிக் காட்டினான்.
நாற்பத்தெட்டையும் திருப்பிக் கீறினேன்.

சித்திரையில் ஒரு கோல்.
"மரத்தில ரின் கட்டினது நீங்களே?"
மீன்பிடிக்க வந்தவர் கண்டு சொல்ல,
சிவப்பு நாடா இழுத்து
மண்டையோட்டுப் பலகை நட்டு
கண்ணிவெடி எடுக்கிற ஆக்கள் நின்றார்கள்.
பேசியவ பெயர் பிறேமலோஜினி.
"இது கமரா, திறக்கவேண்டாம் எண்டு எழுதியிருக்கு.
எதிலயும் என்னவும் எழுதலாம் தங்கச்சி.
உள்ளுக்கு என்ன?"

"வெயில்" என்றேன்.

அவ சிரிக்கவில்லை.
"எத்தின மாச வெயில்?"
"நாலு."
மறுமுனையில் காற்று, ஒரு மரங்கொத்தி.
"திறக்காமல் விட எனக்கு அனுமதி இல்லை.
மூண்டு செக்கன். அதுக்கு மேல இல்லை."

பதினொரு நாள் முகாம் பெட்டிக்குள் கிடந்தது ரின்.
பிறகு அவவே ஏறி,
போனைத் தோளில் இடுக்கி
என்னைக் கேட்டுக் கேட்டுக் கட்டினா.
கொஞ்சம் சரிவாய்.

ஆனி இருபத்தொன்று, இரவு,
சிவப்புப் பல்ப்.
கழுவ முடியாத படம் இது.
ஸ்கானரின் வெளிச்சமும் இதைத் தின்னும்,
ஒரு தரம்தான்.
மண்ணிற வானத்தில் கோடு கோடாய்ச் சூரியன்.
கீழே ஊதாத் தண்ணீர்.
கரை இரண்டு, ஒன்றின்மேல் ஒன்று சரிந்து.
நடுவில் பதினொரு நாள் அகலத்துக்கு இருட்டு.
ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை.
என்னுடையதில்லை.

"அந்த விரலை வெட்டி எடும், மற்றது நல்லாயிருக்கு."
வெட்டவில்லை. புள்ளி குறைந்தது.

படத்தை பிறேமலோஜினிக்கு வட்ஸ்அப்பில் போட்டேன்.
இரண்டு நீலச் சரி விழுந்தும் பதிலில்லை.
வேலை முடிந்து
ஏழு மணிபோல எடுத்தா.
"எங்கட நிலம் மாதிரியே இருக்கு, பாதை பாதையா.
ஒரு கோடு ஒரு நாளோ?"
"ஓம்."
"மாசி ஒன்பது எது? மகளின்ர பிறந்தநாள்."

விரல் வைத்து எண்ணினேன்.
ஐம்பதாவது.
நாற்பத்தொன்பது இருக்கிறது, ஐம்பத்தொன்று இருக்கிறது.
"அண்டைக்கு இங்க மழை அக்கா. கோடு விழேல்லை."

"ஓம், மழைதான்.
பின்னேரம் வெளிச்சது."

"பின்னேரச் சூரியன் மரத்துக்குப் பின்னால அக்கா.
துளை அதைக் காணாது."

"தண்ணியில பட்டிருக்குமே.
இன்னொருக்கா வடிவாப் பாரும்."

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.